வெள்ளைக்காரர் காலத்துக் கடைகள் வாடிக்கை பிடித்தது எப்படி?

"அந்தக் காலத்துல ஏதுப்பா விளம்பரம்? சரக்கு நல்லா இருந்தா ஜனங்க தானா வருவாங்க." இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டோம். இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. யாராவது நூறு வருஷத்துப் பழைய பத்திரிகை விளம்பரம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினால், "பாருங்கள், அப்போதே எப்படி மயக்கி விற்றிருக்கிறார்கள்!" என்போம்.

இரண்டுமே பாதி உண்மைதான். காலனி காலத்து ஊர்களில் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் கைத்தொழில்காரர்களும் வாடிக்கையாளரைத் தேடி அலையாய் அலைந்தார்கள். ஆனால் அச்சில் வந்த விளம்பரம் அந்த அலைச்சலின் ஒரு சின்னத் துண்டுதான். மற்றதெல்லாம் அச்சேறாத வேலை. சென்னையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில், தெருமுனை மளிகைக் கடை

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனைக் கடையில் நீளவாக்கில் ஒரு நோட்டு தொங்கும். அம்மா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினால் அண்ணாச்சி சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்தைத் திருப்பித் தொகையை எழுதிக்கொள்வார். காசு மாதம் பிறந்தால்தான். கிளம்பும்போது கையில் ஒரு பொட்டுக்கடலைப் பொட்டலமோ கொத்துக் கறிவேப்பிலையோ கொசுறாக வந்து விழும். அடுத்த தெருக் கடையில் பருப்பு கொஞ்சம் மலிவு என்று தெரிந்தாலும் நாங்கள் அங்கே போனதில்லை.

ஏன் போகவில்லை? அண்ணாச்சிக்கு எங்களைத் தெரியும், கடன் கொடுப்பார், எடை குறையாது. புதுக் கடைக்குப் போனால் இதையெல்லாம் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். இந்தக் கட்டுக்குத்தான் தமிழில் 'வாடிக்கை' என்று பெயர். வாடிக்கை என்றால் வழக்கம். ஆக, வாடிக்கையாளர் என்பவர் ஒரு முறை வாங்கிவிட்டுப் போகிறவர் இல்லை. இந்தக் கடைக்கு வருவதையே வழக்கமாக்கிக்கொண்டவர்.

இந்த ஏற்பாடு ஒருவரையொருவர் தெரிந்த ஊரில் நன்றாக ஓடும். காலனி ஊரின் சிக்கலே அங்கேதான். இன்று கப்பலில் இறங்குகிற அதிகாரிக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது, விலை தெரியாது. கடைக்காரருக்கோ அவர் கடனைத் திருப்பித் தருவாரா, அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவாரா என்று தெரியாது. அறிமுகமே இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் வாடிக்கையை எப்படி உண்டாக்குவது? இனி வருவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு அந்தந்தக் காலம் கண்டுபிடித்த பதில்கள்.

அலையைத் தாண்டிப் போன துபாஷி

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் பெட்டிகளையும் மசூலாப் படகில் ஏற்றி, அலைக்குத் தப்பிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும் என்பதால் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்த பிறகுதான் இந்தப் பாடு குறைந்தது.

புதிதாக வருகிறவரைத் தேடி துபாஷிகள் கப்பலுக்கே போய்விடுவார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர், மொழிபெயர்ப்பாளர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது அவர் வேலையில் ஒரு பகுதிதான். வீடு பிடித்துக் கொடுப்பது, சமையல்காரரையும் பல்லக்குத் தூக்கிகளையும் அமர்த்துவது, துணிக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் கடைகளில் ஏற்பாடு செய்வது, அவசரத்துக்குக் கடன் கொடுப்பது எல்லாம் அவர்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருப்பார். முன்பு வேலை கொடுத்த துரைகள் 'இவர் நம்பகமானவர்' என்று எழுதிக் கொடுத்த நற்சான்றுகள் அவை. இன்று ஒரு பொருளை வாங்குமுன் முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோமே, அந்தக் காகிதக் கட்டு அதே வேலையைத்தான் செய்தது.

கடைக்காரர் பக்கமிருந்து பாருங்கள். ஆயிரம் பேர் கண்ணில் படுவதைவிட ஒரு துபாஷியின் தயவு அவருக்குப் பெரிது. துபாஷி கை காட்டினால்தான் துரை படியேறுவார். அதற்குரிய தரகும் துபாஷிக்குப் போய்ச் சேரும். அந்தத் தரகை விலையில் சேர்த்துவிடுவார்கள் என்பது துரைக்கும் தெரியும். தெரிந்தே கொடுத்தார், ஏனென்றால் அறிமுகமில்லாத ஊரில் நம்பிக்கையும் விலைக்குத்தான் கிடைத்தது.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: வாடிக்கைக்கு நம்பிக்கை வேண்டும், நம்பிக்கை இல்லாத இடத்தில் நடுவில் ஒரு மனிதர் நின்று அதை வாடகைக்குக் கொடுத்தார்.

"கப்பல் வந்திருக்கிறது"

இப்போது அச்சுக்கு வருவோம். இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையான ஹிக்கியின் பெங்கால் கெஜட் 1780-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் முழுப் பெயரிலேயே 'கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்' என்றும் சேர்த்திருந்தார்கள். செய்தியோடு விளம்பரமும் கூடவே பிறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சென்னைக்கு 1785 அக்டோபரில் மெட்ராஸ் கூரியர் என்ற வார இதழ் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சுக்காரர் ரிச்சர்ட் ஜான்ஸ்டன் அதை நடத்தினார்.

அந்தக் காலத்துக் கடை விளம்பரம் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் நாம் இன்று விளம்பரம் என்று நினைப்பது எதுவும் அதில் இருக்காது. படம் இல்லை, கவர்ச்சி வாசகம் இல்லை. இன்ன கப்பலில் இன்ன சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று ஒரு வரி. அப்புறம் ஒரு நீண்ட பட்டியல்: ஒயின், பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றித்தொடை, தொப்பி, காலுறை, கண்ணாடிச் சாமான், புத்தகம். கடைசியில் இடம், பணம் கட்டும் விதம். அவ்வளவுதான்.

இது சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. லண்டனிலிருந்து கப்பல் வந்து சேர ஆறு மாதம்போல ஆகும். அடுத்த கப்பல் எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சரக்கு வந்துவிட்டது என்பதே ஊருக்குப் பெரிய செய்தி. பாலாடைக்கட்டி வேண்டும் என்று யாருக்கும் ஆசை காட்டத் தேவையில்லை, அதற்காக ஏற்கெனவே ஏங்கிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கப்பல் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்தக் கப்பல் எப்போது வந்தது என்று ஊருக்கே தெரியும் என்பதால், சரக்கு புதிதா பழையதா என்று வாசகர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இப்படிச் சீமைச் சரக்கு விற்ற கடைகளை ஆங்கிலத்தில் 'யூரோப் ஷாப்' என்றார்கள். கப்பல் தலைவர்களும் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்குக் கொண்டுவந்து விற்றார்கள். விற்காமல் தங்கியதும், ஊரைவிட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமானும் ஏலத்துக்குப் போகும். 'ஏலம்' என்ற சொல்லே போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்ததுதான். அலமாரியும் சாவியும் ஜன்னலும் வந்த அதே வழி.

ஆக, ஆரம்ப கால விளம்பரம் ஆளை மயக்கவில்லை, அறிவித்தது. தண்டோரா போடுவதை அச்சில் செய்தது என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஒரு துண்டுச் சீட்டில் ஓடிய ஊர்

அறிவித்தாகிவிட்டது. காசு? ஐரோப்பியர்கள் பெரும்பாலும் கையில் காசு கொண்டுபோய்க் கடையில் வாங்கவில்லை. வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, சேவகரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'சிட்' என்று பெயர். இந்தியில் கடிதத்தைக் குறிக்கும் 'சிட்டி' என்ற சொல்லிலிருந்து போனது. கடையில் அதை வாங்கிக் கணக்கில் எழுதிக்கொண்டு, பிற்பாடு மொத்தமாகப் பில் அனுப்புவார்கள். எங்கள் அண்ணாச்சி கடை நோட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கடன் கொடுப்பதுதான் கடையின் ஆகப் பெரிய விளம்பரம். பாக்கி இருக்கிற கடையை விட்டு யாரும் அவ்வளவு எளிதாக வெளியேற முடியாது. ஆனால் கடனை வசூலிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சிலர் கட்டாமலே கப்பலேறிவிடுவார்கள். அந்த நஷ்டத்தையெல்லாம் விலையில் ஏற்றியாக வேண்டும். ஒழுங்காகக் கட்டுகிறவர் கட்டாதவருக்கும் சேர்த்துக் கட்டினார்.

இதை உடைத்த கடை ஒயிட்அவே லெய்ட்லா. 1882-இல் கல்கத்தாவில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவி, சென்னை மவுண்ட் ரோட்டுக்கும் வந்தது. அங்கே ரொக்கம்தான், கடன் கிடையாது. ஜனங்கள் கடையின் பெயரையே திரித்து 'ரைட் அவே அண்ட் பெய்டு ஃபார்' என்று கூப்பிட்டார்கள். உடனே எடு, உடனே காசைக் கொடு என்று அர்த்தம். கடன் இல்லை என்பதால் விலையைக் குறைக்க முடிந்தது. கணக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தஸ்து இல்லாத குமாஸ்தாவும் காசை நீட்டிச் சரக்கு வாங்க முடிந்தது. எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. அதுவரை கடை வாங்குபவரைத் தேர்ந்தெடுத்தது. இதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆனது.

மவுண்ட் ரோட்டில் பெயர் எடுப்பது

முதலில் ஐரோப்பியக் கடைகள் பிராட்வே பக்கம் இருந்தன. பிறகு மவுண்ட் ரோட்டுக்கு நகர்ந்தன. ஒரே தெருவில் இத்தனை கடை சேர்ந்ததும் 'சரக்கு இருக்கிறது' என்று அறிவிப்பது மட்டும் போதவில்லை. பக்கத்துக் கடையிலும் அது இருந்தது. 'நான் யார் தெரியுமா' என்று காட்ட வேண்டிவந்தது.

இதற்குச் சுலபமான வழி பெரிய இடத்துப் பெயரை ஒட்டிக்கொள்வது. அரச குடும்பத்துக்கோ கவர்னருக்கோ பொருள் கொடுக்கும் கடை என்ற உரிமையை முறைப்படி பெற்று, பலகையில் போட்டுக்கொள்வதற்கு 'நியமனம்' என்று பெயர். 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், 1875-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவருடைய புத்தக விற்பனையாளர் என்ற நியமனம் பெற்றது. ஹோட்டல்காரர்களும் இதே வழியில் போனார்கள். 1854-இல் ரத்தினவேலு முதலியார் தொடங்கிய இம்பீரியல் ஹோட்டல், 1886-இல் ஆல்பனி ஆகி, 1890-இல் அப்போதைய கவர்னரின் பெயரில் கன்னிமரா ஆனது. பெயர் மாறிக்கொண்டே வந்ததைக் கவனியுங்கள். பெயர்ப் பலகைதான் அந்த ஹோட்டலின் முதல் விளம்பரம்.

கடிகாரக் கடையான பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். கட்டடத்தின் மேலேயே ஒரு கோபுரக் கடிகாரம் வைத்தார்கள். சென்னை வானாய்வு நிலையத்திலிருந்து தினமும் வரும் சைகையை வைத்து அதன் நேரத்தைச் சரிசெய்வார்கள். தெருவில் போகிற எல்லோரும், ஒரு நாளும் உள்ளே நுழையாதவர்களும், நேரம் பார்க்க அந்தக் கடையை அண்ணாந்து பார்த்தாக வேண்டும். 'எங்கள் கடிகாரம் துல்லியமானது' என்று ஒரு வரி எழுதத் தேவையே இல்லை.

1863-இல் ஆரம்பித்த ஸ்பென்சர்ஸ், வாடிக்கையாளர் வரும் வழியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. மவுண்ட் ரோட்டுக் கடை ஒரு பக்கம். தென்னாட்டு ரயில்வே ஸ்டேஷன்களில் உணவகங்கள் இன்னொரு பக்கம். ரயில் நின்ற இடத்திலெல்லாம் அதே பெயர் கண்ணில் படும். அறிமுகமில்லாத ஊரில் இறங்குகிறவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தால் அதுவே பாதித் துபாஷி.

படிக்காதவருக்கு என்ன விளம்பரம்?

இதுவரை சொன்னதெல்லாம் இங்கிலீஷ் படித்த, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைப் பற்றி. 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்களுக்குச் சரக்கு விற்றவர்கள் என்ன செய்தார்கள்?

வளையல்காரர் தோளில் மலாரத்தோடு, அதாவது வளையல்களைக் கோத்த சரத்தோடு, வீடு தேடி வந்தார். ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா இருந்தது. சீமைத் துணி வந்தபோது இன்னொன்றும் கூட வந்தது. மான்செஸ்டர் துணிக் கட்டுகளின் மேல் பளிச்சென்ற வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கிருஷ்ணர், லட்சுமி, புலி, யானை என்று ஏதாவது ஒரு படம். கம்பெனியின் பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் 'போன தடவை வாங்கினோமே, அந்த யானைப் படம் போட்டது' என்று கேட்டு வாங்கலாம். இதுதான் 'மார்க்'. ஒரு தயாரிப்பாளரின் சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். நம் ஊரில் இன்னும் பழைய ஆட்கள் 'குதிரை மார்க்', 'ஆனை மார்க்' என்றுதான் சொல்வார்கள்.

மார்க் செய்த வேலை பெரிது. முன்பு நம்பிக்கை கடைக்காரர் முகத்தில் இருந்தது. இப்போது அது பொட்டலத்தின் மேல் ஏறிவிட்டது. எந்தக் கடையில் வாங்கினாலும் யானை யானைதான். அதனாலேயே போலி மார்க்கும் வந்தது, அதைத் தண்டிக்க 1889-இல் சட்டமும் வந்தது.

காபி கிளப்புகளின் பெயர்ப் பலகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதுவது அன்று சர்வ சாதாரணம். அதுவும் வாடிக்கை பிடிக்கும் உத்திதான்: சமைத்தவர் யார் என்று சொல்லி ஒரு பகுதி ஜனங்களுக்கு உறுதி கொடுத்தது. அதே பலகை மற்றவர்களுக்கு அவர்கள் இடம் எது என்றும் சொன்னது. ஒருவரைக் கூப்பிடும் பலகை இன்னொருவரை அவமானப்படுத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தச் சொல் பலகைகளிலிருந்து போகவில்லை. 1957-இல் பெரியார் அதை எதிர்த்துப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பழைய பெயர்ப் பலகைகளை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தபால்காரர் கையில் ஒரு கடை

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. 1879-இல் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது. இரண்டும் சேர்ந்து, மாயவரத்தில் இருப்பவரைச் சென்னைக் கடையின் வாடிக்கையாளர் ஆக்கின. ஆனால் பழைய சிக்கல் திரும்பவும் தலைதூக்கியது. முன்பணம் அனுப்பினால் கடைக்காரர் ஏமாற்றலாம். சரக்கை முதலில் அனுப்பினால் வாங்குபவர் ஏமாற்றலாம்.

இதற்கு 1877-இலேயே தபால் இலாகா ஒரு வழி செய்திருந்தது. அதுதான் வி.பி.பி., அதாவது 'வேல்யூ பேயபிள் போஸ்ட்'. நீங்கள் கார்டு போடுவீர்கள். கடைக்காரர் சரக்கைக் கட்டி, விலையைக் குறித்துத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் பார்சலோடு உங்கள் திண்ணைக்கு வருவார். விலையை எண்ணி அவர் கையில் வைத்தால்தான் பார்சல் உங்கள் கைக்கு வரும். அந்தப் பணத்தைத் தபால் இலாகாவே கடைக்காரருக்குச் சேர்க்கும். நம்பாத இரண்டு பேருக்கு நடுவில் இருவரும் நம்பும் சர்க்கார் ஆள் ஒருவர் நின்றார். பழைய துபாஷியின் இடத்துக்குக் காக்கிச் சட்டை வந்துவிட்டது.

ஓட்டை இல்லாமலில்லை. காசு கொடுப்பதற்கு முன் பார்சலைப் பிரிக்க முடியாது. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு கடைக்காரர் தலையில். ஆனாலும் மருந்து, புத்தகம், கடிகாரம், வாசனைத் தைலம் என்று சகலமும் இப்படிப் பயணம் போனது. பத்திரிகை, பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை என்று அச்சான இடத்திலெல்லாம் இந்த மூன்று எழுத்தைப் பார்க்கலாம். விளம்பரம் ஆளை மயக்கத் தொடங்கியது இங்கேதான். எதிரில் ஆள் இல்லை, சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது, பேசியே விற்க வேண்டும்.

பேசாமல் விற்றவரும் இருந்தார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கினார். விலை பத்தணா. சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தார். இரவு வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தலைவலிக்காரர்களுக்குக் குறைவிருக்குமா? தடவிப் பார்த்தவர் தானே அடுத்தவருக்குச் சொல்வார்.

இலவசக் குடை

கடைசியாகத் தூத்துக்குடி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 'இது நம் கப்பல்' என்பதுதான் பயணிகளுக்கும் வியாபாரிகளுக்கும் அவர் சொன்ன சேதி. வாங்குபவரைப் பங்காளியாகவே ஆக்கும் வாடிக்கை இது. இதற்கு மேல் நெருக்கமான கட்டு கிடையாது.

எதிரி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். சுதேசி கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அந்தப் பக்கம் கட்டணமே வேண்டாம், ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். போட்டியாளரைக் கொல்வதற்காகவே நஷ்டத்துக்கு விற்கும் இந்த முறையை அழிப்பு விலை என்று சொல்லலாம். பை ஆழமாக இருப்பவரால்தான் இதைச் செய்ய முடியும். கொசுறு போலத் தெரிந்தாலும் குடை கொசுறு அல்ல. கொசுறு வாடிக்கையை வளர்க்கக் கொடுப்பது, குடை அடுத்தவர் வாடிக்கையை அறுக்கக் கொடுத்தது.

சுதேசிக் கப்பல்கள் ஏறக்குறைய வெறுமையாக ஓடிய நாட்களும் இருந்தன. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். நடத்த ஆளில்லாமல் கம்பெனி நொடித்தது. 1912 கடைசியில் அவர் விடுதலையானபோது வக்கீல் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமமும், போயிருந்தது. சென்னைக்கு வந்து, அரிசியும் மண்ணெண்ணெயும் விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்துக் குடும்பத்தை நடத்தினார்.